பதினொரு மணி ரீஸ்டார்ட்

"தளவாட உதவியாளர், நிலை இரண்டு. மருத்துவமனைக்குச் சொந்தமான நாற்காலி, மேசை, அலமாரி முதலிய அசையும் பொருள்களுக்கு எண் இடுதல். ஆண்டுக்கு இருமுறை அவற்றை எண்ணுதல். பழுதானவற்றை விலக்கப் பரிந்துரைத்தல். தொழில்நுட்ப அறிவு தேவையில்லை."

பணி விதிகளின் நாற்பத்தொன்றாம் பக்கம் அவரைப் பற்றிச் சொல்வது இவ்வளவுதான். நான்கு பேர் சேர்ந்தாலும் அசையாத இரும்பு அலமாரியை அசையும் பொருள் என்று எழுதிய அதே கைதான் கடைசி வரியையும் எழுதியிருக்கிறது என்பதால், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அவரும் எடுத்துக்கொள்ளவில்லை. பதினெட்டு வருடமாக நாற்காலிகளின் அடிவயிற்றில் வெள்ளைப் பெயிண்டால் எண் எழுதிவந்தார். மருத்துவமனை முழுக்க அவருக்கு நாற்காலி அக்கா என்றே பெயர். அவரைவிட வயதில் மூத்த டாக்டர்களும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். நாற்காலி வேண்டுமென்றால் வயது பார்க்க முடியாது.

கணினிகள் அவர் பொறுப்பில் வந்தது ஒரு வசதியான குழப்பத்தால். பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் கணினிகளை வாங்கியபோது மேசையோடு சேர்த்து ஒரே உருப்படியாக வாங்கினார்கள். பதிவேட்டில் "மேசை, கணினியுடன்" என்று ஏறியது. மேசை தளவாடம், ஆகவே மேசைமேல் இருப்பதும் தளவாடம். இந்தத் தர்க்கத்தின்படி மேசைமேல் தலைவைத்துத் தூங்கும் எழுத்தர்களும் அவர் பொறுப்புத்தான். அதை யாரும் வற்புறுத்தவில்லை.

உண்மையில் அவர் கணினியில் மூன்று வருட டிப்ளமோ படித்தவர். நாற்பது மாணவர்களுக்கு நான்கு கணினிகள். ஒவ்வொன்றின் நினைவகமும் இன்றைக்கு ஒரு பூனைப் படத்துக்குக்கூடப் போதாது. எழுதிய நிரல் அதற்குள் அடங்கவில்லை என்றால் அந்த இயந்திரங்கள் மன்னிப்புக் கேட்காது, வட்டம் சுற்றிக் காட்டாது, அப்படியே நின்றுவிடும். அடுத்த மாணவர் முதுகுக்குப் பின்னால் பெருமூச்சு விடுவார். குண்டுச்சட்டிக்குள் குதிரை ஓட்டுவது என்று மற்றவர்கள் கேலியாகச் சொல்வதை அவர் மூன்று வருடம் பாடமாகவே படித்தார். படித்து முடித்த வருடம் கணினி வேலைக்கு இரண்டு வருட அனுபவம் கேட்டார்கள். நாற்காலி எண்ணும் வேலைக்கு எதுவும் கேட்கவில்லை.

மருத்துவமனையின் பின்கட்டு மருந்தகத்தில் நான்கு ஜன்னல்கள், நான்கு கணினிகள். எலும்பு முறிந்தவர்களும் வயதானவர்களும் இருக்கிற வார்டுகள் அந்தப் பக்கம்தான். வெளி நோயாளிகளும் அங்கேதான் வருவார்கள், ஏனென்றால் முன்கட்டு மருந்தகத்துக்கு இரண்டு மாடிப்படிகளும் ஒரு நீண்ட நடைபாதையும் கடக்க வேண்டும். முழங்கால் டாக்டரிடம் காட்டிவிட்டு வருகிறவர்களுக்கு அது நல்ல யோசனை அல்ல.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. காலை எட்டு மணிக்குக் கணினிகள் சுறுசுறுப்பாக இருக்கும். ஒன்பதரைக்குக் கொட்டாவி விடும். பத்தரைக்கு ஒரு பெயரைத் தட்டினால் அந்தப் பெயருக்குரியவர் ஒரு தடவை உட்கார்ந்து எழுந்துகொள்ளலாம். பதினொரு மணிக்கு நான்கும் தொங்கிவிடும். உடனே நான்கையும் அணைத்து மறுபடி போடுவார்கள். திரும்பி வர பன்னிரண்டு நிமிடம் ஆகும். அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் டீ வரும். டீ வந்தால் பேச்சு வரும், பேச்சு வந்தால் அந்தப் பன்னிரண்டு நிமிடம் முப்பது நிமிடம் ஆகும். இரண்டு மணிக்கு மறுபடி ஒருமுறை. ஒன்பது வருடமாக இதுதான் நடைமுறை. டீக்காரர் கடிகாரம் பார்க்காமல் தம் தட்டில் நாலு டம்ளர்களோடு சரியாகப் பத்து ஐம்பத்தெட்டுக்குக் கதவருகே நிற்பார். புதிதாக வந்த டாக்டர் ஒருவர் மருந்துச் சீட்டிலேயே "11 முதல் 11.30 வரை போக வேண்டாம்" என்று எழுத ஆரம்பித்திருந்தார், மாத்திரையின் பெயரைவிட அது தெளிவாக இருந்தது.

பிறகு சுற்றறிக்கை வந்தது. ஒரு வாரம், ஆறு வேலை நாள், எண்ணிப் பார்ப்பார்கள். நாளொன்றுக்குச் சராசரியாக முந்நூறு பேருக்கு மருந்து கொடுக்காத மருந்தகங்கள் அருகிலுள்ள மருந்தகத்தோடு இணைக்கப்படும். பின்கட்டில் கொடுத்தது இருநூற்று இருபது. வரிசையில் ஆளில்லாமல் அல்ல. தினமும் நாலு மணிக்குக் கதவைச் சாத்தும்போது எண்பது, தொண்ணூறு பேரை நாளைக்கு வரச்சொல்லி அனுப்பினார்கள்.

இணைத்தால் ஜன்னல்காரர்கள் முன்கட்டுக்குப் போவார்கள். நாற்காலி அக்காவுக்கு முன்கட்டில் இடமில்லை. அங்கே ஏற்கெனவே ஒரு தளவாட உதவியாளர் உண்டு. நாற்காலி அக்காவை வேறு ஊரிலுள்ள மத்தியக் கிடங்குக்கு அனுப்புவதாக அதே சுற்றறிக்கையின் பின்பக்கத்தில் இருந்தது. ரயிலில் இரண்டரை மணி நேரம்.

அன்று வீட்டில் அதைப் படித்துக் காட்டினார். அவர் கணவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். காலை ஆறுக்குப் போனால் நாலேகாலுக்கு வந்துவிடுவார். அவர்கள் மகள் அதே பஸ்ஸில் கடைசி நிறுத்தம். நாற்காலி அக்கா நாலரைக்கு வருவார். நாலரையிலிருந்து ஆறு வரை மூன்று பேரும் சமையலறை மேசையைச் சுற்றி உட்கார்ந்து அன்றைக்கு நடந்ததையெல்லாம் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிட்டுச் சொல்லிக்கொள்வார்கள். அந்தக் குடும்பத்தின் சொத்து என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால் அந்த ஒன்றரை மணி நேரத்தைத்தான் சொல்ல வேண்டும்.

"ராத்திரி எட்டு மணிக்கு வந்து சேருவேன்," என்றார் அவர்.

"எட்டு மணிக்குத் தூங்குற ஆளு நீ," என்றார் கணவர். "அப்போ ஸ்டேஷன்லயே பாய் போட்டுக் குடுத்துடறேன்."

மகள் சிரிக்கவில்லை. "அம்மா, அந்தக் கம்ப்யூட்டர் ஏன்தான் தொங்குது?" என்றாள்.

பதினெட்டு வருடத்தில் அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. நாற்காலி ஆடினால் ஏன் ஆடுகிறது என்று அவரிடம் கேட்பார்கள். கணினி தொங்கினால் பதினொரு மணி ஆகிவிட்டது என்று சொல்வார்கள்.

புதுக் கணினி கேட்க முடியாது; இணைக்கப்படலாம் என்று பட்டியலில் இருக்கும் இடத்துக்குப் புதியது கிடையாது. நினைவகத்தைக் கூட்டலாம் என்றால் அந்தப் பழைய வகைச் சில்லு கடையில் இல்லை. ஒவ்வொன்றிலும் இருந்தது இரண்டு ஜிபிதான். அதில் பாதியைக் கணினியே தன் சொந்தச் செலவுக்கு வைத்துக்கொண்டது. மருந்தக மென்பொருளை எழுதிய நிறுவனத்தையும் கூப்பிட முடியாது. அதைக் கலைத்துவிட்டுப் போய் ஏழு வருடமாகிறது. ஆனால் போகும்போது மூல நிரலை ஒரு சி.டி.யில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அது பின்கட்டு அலமாரியில் இருந்தது என்பது உலகத்தில் ஒருவருக்கு மட்டுமே தெரியும், ஏனென்றால் அலமாரியை வருடத்துக்கு இரண்டு முறை எண்ணியவர் அவர்.

மருத்துவமனைக் கண்காணிப்பாளரிடம் போனார்.

"இதை நீங்க தொடலாமாம்மா?" என்றார் கண்காணிப்பாளர்.

"தொடக்கூடாதுன்னு எங்கயும் இல்ல சார்."

"தொடலாம்னும் இல்லையே."

"அதனாலதான் சார் எழுதிக் கேக்காம வாயால கேக்கறேன்."

கண்காணிப்பாளர் ஜன்னலைப் பார்த்தார். "கெட்டுப்போச்சுன்னா?"

"பழைய சி.டி. அப்படியே இருக்கும். பத்து நிமிஷத்துல பழசையே போட்டுடலாம்."

"சரி. நீங்க எதுவும் கேக்கல, நான் எதுவும் சொல்லல. போய்ட்டு வாங்க."

கிடங்கில், பழுது என்று அவரே விலக்கிவைத்த ஒரு கணினி இருந்தது. பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டதால் சட்டப்படி அது இல்லாத பொருள். இல்லாத பொருளின்மேல் என்ன செய்தாலும் அது நடக்காத காரியம். தினமும் ஒரு மணி நேரம் முன்னதாக, ஏழு மணிக்கே வந்து, அதன்முன் உட்கார்ந்து நிரலைப் படித்தார்.

எழுதியவர் நல்ல மனிதர் என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. கெடுதல் எல்லாம் அந்த நல்ல மனத்தால் வந்தது. காலையில் நிரலைத் திறந்ததும் நானூற்றுப் பன்னிரண்டு மருந்துகளின் படங்களையும் அது நினைவகத்தில் ஏற்றிக்கொண்டது, யாரும் காத்திருக்கக் கூடாதே என்று. கணினியின் வட்டில், அதாவது ஹார்ட் டிஸ்கில், படம் என்பது மடித்துவைத்த போர்வை. நினைவகத்தில் ஏற்றும்போது அதை முழுக்க விரிக்க வேண்டும், இருபது மடங்கு இடம் பிடிக்கும். திரையில் அது தெரிவதோ கட்டைவிரல் நகமளவு. நகத்தை மூட நானூறு போர்வை விரித்துவைத்திருந்தார் அந்த நல்லவர். இது முதலாவது.

இரண்டாவது இன்னும் அன்பானது. ஒரு நோயாளி வந்ததும் அவருடைய பழைய சீட்டுகள் எல்லாவற்றையும் நினைவகத்துக்குக் கொண்டுவந்தது. மருந்து வாங்கிக்கொண்டு அவர் போனபின்னும் அதை விடவில்லை. ஒருவேளை அவர் திரும்பி வந்தால்? திரையில் மூடினாலும் உள்ளே திறந்தே இருந்தது. "சாப்பாட்டுக்குப் பின் ஒரு மாத்திரை" என்ற வாக்கியம் எத்தனை சீட்டில் இருந்ததோ அத்தனை முறை தனித்தனியாக எழுதி வைத்திருந்தது. பதினொரு மணிக்கு ஒவ்வொரு ஜன்னலிலும் முப்பத்தைந்து பேர் போயிருப்பார்கள். கணினியைப் பொறுத்தவரை முப்பத்தைந்து பேரும் இன்னும் ஜன்னலில் நின்றுகொண்டிருந்தார்கள். இடம் போதாமல் அது ஒவ்வொருவராக வட்டில் இறக்கிவைத்து, மறுபடி தூக்கி, மறுபடி இறக்கி, கடைசியில் அந்த வேலையைத் தவிர வேறெதையும் செய்யாமல் நின்றது. அதைத்தான் தொங்கல் என்றார்கள்.

படங்களை நக அளவுக்குச் சுருக்கினார். வாக்கியங்களை ஒருமுறை மட்டும் எழுதி, வேண்டிய சீட்டெல்லாம் அதைச் சுட்டும்படி செய்தார். போனவர்களை உடனே விட்டுவிடச் சொன்னார்.

கடைசி வேலையில் அவசரப்பட்டுவிட்டார். மூன்றாம் ஜன்னல்காரியின் கணினியில் அதைப் போட்டுப் பார்த்தபோது, போன கிழவர் ஒருவர் இரண்டே நிமிடத்தில் திரும்பி வந்து, அட்டையில் ஒரு மாத்திரை குறைகிறது என்றார். அவர் சீட்டை முதலிலிருந்து தேடி எடுக்க வேண்டியதாயிற்று.

"அக்கா, முன்ன இது மறக்கவே மறக்காது, இப்ப ஆள் திரும்பறதுக்குள்ள மறக்குது," என்றாள் மூன்றாம் ஜன்னல்காரி. "எங்க வீட்டுக்காரர் மாதிரி ஆக்கிட்டீங்க."

நாற்காலி அக்கா ஒரு நாள் முழுக்க ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, திரும்பி வருகிறவர்களை எண்ணினார். எண்ணுவதுதான் அவருக்குச் சம்பளம் தருகிற வேலை. நாலு ஜன்னலிலும் சேர்த்து ஒன்பது பேர் திரும்பி வந்தார்கள். ஒன்பது பேரும் தங்களுக்குப் பின்னால் பன்னிரண்டு பேர் போவதற்கு முன்பே வந்துவிட்டார்கள். அதற்குமேல் வருகிறவர்கள் நாளைக்குத்தான் வருவார்கள். ஆகவே கடைசியாக வந்த பன்னிரண்டு பேரை வைத்துக்கொள், பதிமூன்றாமவர் வந்தால் பழையவர் ஒருவரை விட்டுவிடு என்று எழுதினார். அந்த நல்ல மனிதரின் அன்பில் குறையில்லை, அளவுதான் இல்லை.

இதையெல்லாம் வீட்டு மேசையில் சொன்னபோது கணவர் சமையலறை அலமாரியைத் திறந்து காட்டினார். டப்பா இல்லாத மூடிகள் முப்பத்தொன்று உள்ளே இருந்தன.

"அந்தக் கம்ப்யூட்டருக்குச் சொன்னதைக் கொஞ்சம் இதுக்கும் சொல்லேன்," என்றார்.

"இங்க இடம் இருக்குல்ல? இடம் இருக்கிற வரைக்கும் வச்சுக்கறது தப்பே இல்லங்க. அங்க இடமில்ல, அதான் விடச் சொன்னேன்."

"டப்பா எங்கம்மா?" என்றாள் மகள்.

"வரும்," என்றார் அவர், முழு நம்பிக்கையோடு.

எண்ணும் வாரம் தொடங்குவதற்கு முன்தினம் நான்கு கணினிகளிலும் புதிய நிரலைப் போட்டார். கூடவே, நிமிடத்துக்கொருமுறை எவ்வளவு நினைவகம் பிடித்திருக்கிறது என்று குறித்துவைக்கும் ஒரு வரியையும் சேர்த்தார்.

முதல் நாள் இருநூற்று ஐம்பத்திரண்டு பேர். இரண்டாம் நாள் இருநூற்று நாற்பத்தெட்டு.

முன்பைவிட அதிகம்தான். ஆனால் முந்நூறு இல்லை. மீதி நாலு நாளும் முந்நூற்று இருபத்தைந்து கொடுத்தால்தான் உண்டு. குறிப்பை எடுத்துப் பார்த்தார். எட்டு மணிக்கு எழுபது எம்பி. ஒன்பதரைக்கு இருநூற்றுப் பத்து. அதன்பிறகு கோடு போட்டதுபோல அதே இருநூற்றுப் பத்து. பதினொரு மணிக்கு நான்கு கணினிகளும் ஒரே நிமிடத்தில் செத்துவிழுந்தன. இரண்டு மணிக்கு மறுபடியும்.

நினைவகம் நிரம்பவில்லை. பாதிகூட நிரம்பவில்லை. பின் எதனால் விழுகிறது? நிரலை மறுபடி முதல் வரியிலிருந்து படித்தார். மதிய உணவு இடைவேளையில் சாப்பிடாமல் படித்தார். கடிகாரத்தைப் பார்த்து எதையாவது செய்கிற வரி உண்டா என்று தேடினார். இல்லை. அன்று நாலரைக்கு வீட்டு மேசையில் உட்கார்ந்தும் அவர் பேசவில்லை. மற்ற இருவரும் ரயில் நேரம் பற்றியும் பேசவில்லை, வேறெதைப் பற்றியும் பேசவில்லை.

மூன்றாம் நாள் பத்து ஐம்பத்தைந்துக்கு ஒரு நாற்காலியை எடுத்துக்கொண்டுபோய் நான்கு ஜன்னல்களுக்கும் பின்னால் போட்டு உட்கார்ந்தார். எல்லாம் ஒழுங்காக ஓடின. பெயரைத் தட்டினால் ஆள் வந்தார், மருந்து போயிற்று. பத்து ஐம்பத்தெட்டுக்குக் கதவருகே டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசின. முதல் ஜன்னலில் உட்கார்ந்திருந்த தலைமை மருந்தாளுநர் திரையைப் பார்க்காமலே இடது கையை மேசைக்கு அடியில் விட்டார்.

"சார்! என்ன பண்றீங்க?"

தலைமை மருந்தாளுநர் கையை எடுக்காமல் திரும்பினார். ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கிற மனிதர். "ரீஸ்டார்ட் பண்றேம்மா."

"தொங்கிச்சா?"

"இல்லையே. ரெண்டு நாளா அருமையா ஓடுது."

"அப்புறம் எதுக்கு சார் ஆஃப் பண்றீங்க?"

அவர் உண்மையிலேயே குழம்பினார். "மணி பதினொண்ணு ஆச்சேம்மா!"

மற்ற மூன்று கைகளும் மேசைக்கு அடியில்தான் இருந்தன. மூன்றாம் ஜன்னல்காரி தன் கையை அப்போதுதான் முதல்முறையாகப் பார்ப்பவள்போலப் பார்த்தாள். "அய்யோ அக்கா, எனக்குத் தெரியவே தெரியாது. கை தானா போகுது."

இரண்டு நாளாக மூல நிரலில் தேடிய பிழை நாலு பேரின் இடது கையில் இருந்தது. அவர் கோபப்பட்டிருக்கலாம். அதற்குப் பதிலாக நாற்காலியில் சாய்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். நிரலில் குற்றமில்லை என்று தெரிந்த சந்தோஷம் அது.

"இனிமே அந்த சுவிட்சை யாரும் தொடாதீங்க," என்றார் சிரிப்பு அடங்கியதும்.

நான்கு கைகளும் மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்தன. டீக்காரர் தட்டோடு நின்றார். பேச வேண்டியதைக் கடைசியில் மூன்றாம் ஜன்னல்காரிதான் பேசினாள். "மெஷினுக்கு ரெஸ்ட் வேண்டாம்னு ஆக்கிட்டீங்க, சரி. எங்களுக்கு?"

"அதானே," என்றார் தலைமை மருந்தாளுநர். "வெளிய அம்பது பேர் நிக்கறப்போ நாங்க டீ குடிச்சா அடிக்க வருவாங்க. கம்ப்யூட்டர் தொங்கிடுச்சுன்னா ஒருத்தரும் ஒண்ணும் சொல்றதில்ல. அதும் பேரைச் சொல்லித்தாம்மா ஒம்பது வருஷமா உக்காந்து குடிச்சோம்."

இது நியாயம். ஒரு பழுதை நீக்குகிறவர்கள் அந்தப் பழுதின் நிழலில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்ப்பதில்லை. நாற்காலி அக்கா எழுந்துபோய் டீக்காரரிடமிருந்து ஒரு டம்ளரை வாங்கித் தலைமை மருந்தாளுநர் கையில் கொடுத்தார்.

"முதல்ல நீங்க போங்க சார், உள் ரூமுக்கு. பத்து நிமிஷம். நீங்க வந்ததும் அடுத்த ஆள். எப்பவும் மூணு ஜன்னல் ஓடும். வெளிய நிக்கறவங்களுக்கு வரிசை நகர்ந்தா போதும், யார் நகர்த்தறாங்கன்னு பாக்க மாட்டாங்க."

"தனியாவா?" என்றார் அவர், தண்டனை பெற்றவர்போல.

"பேச்சு வேணும்னா டீக்காரர் இருக்காரே."

டீக்காரருக்கு இது பிடிக்கவில்லை. "நாலு தடவை நடக்கணுமா நான்? நானும் ரெண்டு காலோடதாம்மா பொறந்தேன்." அன்று மதியமே ஒரு பெரிய ஃபிளாஸ்கை உள் அறையில் வைத்துவிட்டுப் போனார். ஆனால் மறுநாளிலிருந்து அவரும் அங்கேயே உட்கார்ந்து, முறைவைத்து வரும் நாலு பேரிடமும் ஒரே செய்தியை நாலு முறை சொல்லிக்கொண்டிருந்தார். முன்பு கூட்டத்தில் அவர் சொல்வதை யாரும் காதில் வாங்கியதில்லை.

மூன்றாம் நாள் முந்நூற்றுப் பதினெட்டு. நான்காம் நாள் முந்நூற்று முப்பத்தொன்று. ஐந்தாம் நாள் முந்நூற்று இருபத்தொன்பது. கை சிலமுறை மேசைக்கு அடியில் போகத்தான் போனது; பக்கத்து ஜன்னல்காரர் "கை!" என்று அதட்டினால் திரும்பி வந்தது. கடைசி நாளுக்கு முந்நூற்று இருபத்திரண்டு தேவைப்பட்டது. தலைமை மருந்தாளுநர் அதைச் சுவரில் சாக்பீஸால் எழுதிவைத்தார்.

அன்று மூன்று மணிக்கு இருநூற்று எழுபத்தொன்பது. தன் முறை வந்தும் தலைமை மருந்தாளுநர் எழவில்லை.

"டீ வேண்டாம்மா இன்னிக்கு. நாற்பத்து மூணு பாக்கி."

"போய்ட்டு வாங்க சார். குடிக்காம உக்காந்தா நீங்க சர்க்கரை மாத்திரையை முட்டிவலிக்காரருக்குக் குடுப்பீங்க. அப்புறம் அவர் திரும்பி வருவார், ரெண்டு தடவை எண்ண முடியாது."

போனார். ஏழு நிமிடத்தில் உதட்டைத் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார். கணினிகள் காலை ஒன்பதரைக்கு ஓடிய அதே வேகத்தில் மாலை மூன்றே முக்காலுக்கும் ஓடின. மூன்றே முக்காலுக்கு வழக்கமாகத் திருப்பி அனுப்பப்படுகிற ஆட்கள், தங்கள் பெயரைக் கூப்பிடுவதை நம்பாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நாலு மணிக்குக் கதவைச் சாத்தியபோது முந்நூற்று இருபத்தாறு. ஆறு நாளும் சேர்த்து ஆயிரத்து எண்ணூற்று நான்கு.

அன்று அவர் வீடு சேர ஐந்து மணியாகிவிட்டது. கணவரும் மகளும் மேசையிலேயே இருந்தார்கள்.

"எத்தனை?" என்றார் கணவர்.

"நாலு பேர் கூட."

"நாலே பேரா!"

"போதும்ல?" என்று நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

அடுத்த மாதம் வந்த இணைப்புப் பட்டியலில் பின்கட்டு மருந்தகம் இல்லை. அவர் செய்தது இவ்வளவுதான்: நான்கு பழைய கணினிகள், மருந்து வாங்கிப் போனவர்களில் கடைசிப் பன்னிரண்டு பேரைத் தவிர மற்றவர்களை நினைவகத்திலிருந்து விட்டுவிடும்படி செய்தார், நான்கு பேரை ஒருவர்பின் ஒருவராக டீ குடிக்க அனுப்பினார்.